அடித்துப் பார்த்த பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

நெற்றியில் நான்கு தையல். மரத்துப்போக மருந்து போடட்டுமா என்று கம்பவுண்டர் கேட்டார். "எதுக்கு? ஆணியைப் பல்லால பிடுங்கறவன் நான்" என்றேன். அவர் பாட்டுக்குப் போட்டுவிட்டார். கேட்டது மரியாதைக்குத்தான் போலிருக்கிறது.

அடித்தது எதிரி இல்லை, கூடப்பிறந்த அக்கா. ஆயுதம்: கறிக்கடைத் தராசின் அரைக் கிலோ எடைக்கல். குறி: அவள் பெற்ற மகள் சில்லு. மருமகளைக் காப்பாற்றப் புலி மாதிரிக் குறுக்கே பாய்ந்தேன். சரி, உப்பை எடுக்கக் கை நீட்டினேன், அந்த நேரம் பார்த்துக் கல் வந்தது. எப்படிப் பார்த்தாலும் தடுத்தது என் நெற்றிதானே?

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அக்கா, அத்தான், சில்லு, நான். சில்லு தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கப்பல் காலேஜ்ல எனக்கு இடம் கிடைச்சிடுச்சு. இந்த மாசம் இருபத்தி நாலாம் தேதி கப்பல்."

கப்பல் காலேஜ் என்றால் கரையில் கட்டடம் கிடையாது. கப்பல்தான் காலேஜ். இரண்டு வருஷம் தேசம் தேசமாகச் சுற்றிக்கொண்டு, வலையில் அகப்படுவதையெல்லாம் அறுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று படிப்பார்களாம். ஏழு கடலையும் தாண்டிப் போகும். அதில் ஒரு கடலில் தண்ணீர் எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும். மீன் வெந்தேதான் மேலே வரும். துறைமுகத்தில் வேலை செய்கிறவனுக்குத் தெரியாத கடலா?

அக்கா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். "அங்க போய் என்னடி பண்ணுவே?"

"உயிருங்களை அறுத்துப் படிக்கணும்மா."

"அறுக்கறதுக்குக் கப்பல் ஏறணுமா? இங்க கட்டை இல்லையா, கத்தி இல்லையா, ஆடு இல்லையா?"

அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வந்தால் எனக்கும் வரும். நாங்கள் சிரித்ததுதான் தப்பு. கல் பறந்தது.

அதுவும் இடது கையால்! சும்மா சொல்லக் கூடாது, என் அக்காவுக்கு இரண்டு கையும் வலது கை.

மார்ச் 5, வியாழன்

கத்தி தீட்டும் இரும்புக் கோலால் இன்று சில்லுவைப் பின்னி எடுத்துவிட்டாள். கெண்டைக்கால் வரி வரியாக வீங்கிக் கிடக்கிறது. "போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்று அக்கா கேட்டாள். "பண்ணிட்டேன்" என்றாள் சில்லு. ஒரு அடி. திரும்பவும் அதே கேள்வி, அதே பதில், அடுத்த அடி. கோர்ட்டில்கூட இவ்வளவு நிதானமாக விசாரிக்க மாட்டார்கள்.

நான் எழுந்து இடி மாதிரி முழங்கினேன்: "அக்கா, போதும், விடு!" இடி என்று சொல்ல முடியாது. இருமலுக்குக் கொஞ்சம் மேலே. "குறுக்க வந்தே, அடுத்த தையல் வாயில" என்றாள். உட்கார்ந்துவிட்டேன். ஒரே வாரத்தில் இரண்டாம் முறை போய் நின்றால் கம்பவுண்டர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?

அதே காலோடு சில்லு கடைக்குள் போய்த் தொடை எலும்பு வெட்டினாள். ஆறேழு மாதமாகவே எலும்பு வெட்டெல்லாம் அவள்தான். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவதோடு சரி. படிப்புப் பைத்தியம் தெளியத்தான் தனக்கு இந்தத் தண்டனை என்று சில்லு நினைக்கிறாள். கீழே கட்டையில் விழுந்த ஒவ்வொரு வெட்டும் மாடியில் என் கட்டிலை உலுக்கியது. ஆட்டை வெட்டிய வெட்டாக எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் மாடிக்கு வந்தாள்.

"மாமா, எனக்கு ஒரு பெட்டி அடிச்சுக் குடு. மரத்துல. ஒருத்தருக்கு ஒரே பெட்டிதான். படுக்கைக்கு அடியில நுழையணும், ரெண்டு வருஷம் தாங்கணும். அம்மாவுக்குத் தெரியக் கூடாது."

"அவ்வளவுதானா? உங்க மாமன் யானைக்கே பெட்டி அடிச்சவன்."

"போன தடவை குதிரைன்னே."

"குதிரைக்கு அடிச்சது வேற கதை."

உண்மையில் அது பியானோ. அதுவும் மற்றவர்கள் அடிக்க நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் பியானோ யானையைவிடக் கஷ்டம். யானைக்கு அடிபட்டால் சுருதி போகாது.

மார்ச் 8, ஞாயிறு

லீவு நாள் என்றாலும் மேஸ்திரி பட்டறைச் சாவியைக் கொடுத்துவிட்டார். "யாருக்குப் பெட்டி?" என்றார். "ஒரு பெரிய மனுஷிக்கு" என்றேன். "உங்க அக்காவுக்கா? அவங்களை அடைக்கற பெட்டி இன்னும் எவனும் கண்டுபிடிக்கலையே" என்றார்.

கப்பல் சரக்குக்குப் பெட்டி அடிக்கும் பட்டறை எங்களுடையது. முடிச்சு இல்லாத பலகையாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். நேராக அடித்த ஆணி கப்பல் ஆட்டத்தில் கழன்றுவிடும். அதனால் ஒன்று விட்டு ஒன்று சாய்த்து அடிப்போம், கோபக்காரன் பல்வரிசை மாதிரி.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், அடித்துப் பார்ப்பது. அடித்துப் பார்க்காமல் எந்தப் பெட்டியும் எங்கள் வாசலைத் தாண்டாது. சரக்கை உள்ளே வைத்து, மூடி அறைந்து, மேல்தளத்திலிருந்து சிமெண்டுத் தரையில் தள்ளுவோம். தலைகீழாக ஒரு தரம், பக்கவாட்டில் ஒரு தரம், மூலை இடிக்கிற மாதிரி ஒரு தரம். அப்புறம் மேஸ்திரி சம்மட்டியை எடுத்து நாலு சாத்துச் சாத்துவார். சரக்கோடுதான் தள்ள வேண்டும். வெறும் பெட்டி யாரை வேண்டுமானாலும் ஏமாற்றும். "நாம அடிச்சு உடையாததைக் கடல் அடிச்சு உடைக்காது" என்பது மேஸ்திரி வாக்கு. உடைந்துபோனால்? இங்கேயே உடைந்ததே என்று சந்தோஷப்பட வேண்டும். வந்த புதிதில் இந்தச் சத்தத்துக்கு நான் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். இப்போது அந்தச் சத்தம் கேட்காவிட்டால் சோறு இறங்குவதில்லை.

அடித்துப் பார்க்காத பெட்டியை அனுப்பினான் என்று பட்டறையில் பெயர் வாங்குவதைவிட, திருடன் என்று வாங்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

சண்டை. ஒரே ஆளாக மூன்று பேரை.

சுமை தூக்கும் மொட்டைதான் ஆரம்பித்தான். பலகை அறுக்கும் இடத்தில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டான்: "கறிக்கடைப் பொண்ணு கப்பல்ல போவுதாமே? மாலுமிங்களுக்குக் கறி வெட்டவா, இல்ல கறியாவா?"

இவனுக்கு எப்படித் தெரிந்தது? டீக்கடையில் நான்தான் கொஞ்சம்... கொஞ்சம்தான். கப்பலுக்கே அவள்தான் தலைமை டாக்டர் என்று சொல்லியிருப்பேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பாய்ந்தேன். மூன்று பேர் என்று மேலே எழுதியிருக்கிறேன். மூன்று பேர் நின்றார்கள் என்பது உண்மை. அடித்தது மொட்டை மட்டும். மற்ற இருவரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், நான் அவனைக் கொன்றுவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில். அவன் என் வாயில் குத்தினான், வயிற்றில் குத்தினான், விழுந்த பிறகு விலாவில் மிதித்தான். "உன் அக்காளை வரச் சொல்லுடா, அவதான் உன் வீட்டு ஆம்பளை" என்றான். கைக்கு அகப்பட்ட பலகைத் துண்டை எடுத்து வீசினேன். காதில் பட்டது. பலகையில் ஆணி இருந்திருக்கிறது. காது பாதி கிழிந்து தொங்கியது. அவன் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அடிக்கிறதை நிறுத்தி, சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தான்.

ஆணி இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீசியிருக்க மாட்டேனா? தெரியவில்லை. அதுதான் உண்மை.

மார்ச் 11, புதன்

முன்பல் ஒன்று குறைகிறது. விசில் இனித் தானாகவே வரும்.

மார்ச் 14, சனி

சில்லு குளிருக்காக வாங்கி ஒளித்து வைத்திருந்த கம்பளிக் கோட்டை அக்கா கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. கடைக்கு எடுத்துப்போய்க் கட்டையில் விரித்து, தோலுரிக்கும் கத்தியால் கையைத் தனியாக, முதுகைத் தனியாக, கழுத்தைத் தனியாக அறுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டாள். ஆட்டுத் தொடைக்குப் பக்கத்தில் கோட்டுக் கை தொங்கியது. கறி வாங்க வந்த ஒருவர், "அது என்ன அது?" என்று கேட்டார். "கம்பளி ஆடு. கொஞ்சம் முத்தல்" என்றார் அத்தான், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் பேசுவதே அபூர்வம், பேசினால் இப்படித்தான்.

சில்லு அந்தத் துண்டுகளுக்கு அடியிலேயே நின்று நாள் பூரா வெட்டினாள். அண்ணாந்து பார்க்கவில்லை. எலும்புச் சில் பறந்து என் கன்னத்தில் தைத்தது. நான் கடைக்கு அடிக்கடி போவதில்லை. ரத்தத்தைக் கண்டு பயமா? எனக்கா? வாசனைதான் ஒத்துக்கொள்ளாது.

இந்த லட்சணத்தில் காலையில் அத்தான் அக்காவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டுக்கொண்டிருந்தார். இந்த வயதில் புதுமாப்பிள்ளைச் சரசம்! "எனக்கும் கொஞ்சம் வாரி விடச் சொல்லு" என்றேன். சீப்பு பறந்து வந்தது.

மார்ச் 17, செவ்வாய்

மறுபடியும் இரும்புக் கோல். "அடிம்மா. கால் உடைஞ்சா நொண்டிக்கிட்டே ஏறுவேன்" என்கிறாள். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அடி வாங்கியவளுக்கு வாங்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

பெட்டி தயார். முந்தாநாளே பின்பக்கச் சுவர் வழியாக மாடிக்கு ஏற்றிவிட்டேன், பூனை மாதிரி. பக்கத்து வீட்டு நாய் குரைத்ததற்கு நான் பொறுப்பில்லை.

இரண்டு நாளாக அடுக்கிக்கொண்டிருக்கிறோம். அடுக்குவதா அது, குஸ்தி. தடிமனான காலுறை வை என்கிறேன். பூதக்கண்ணாடிக்கு இடம் வேண்டும் என்கிறாள். போர்வை வை என்கிறேன். தானே வேகவைத்துச் சுரண்டி வெள்ளையாக்கின ஆட்டு மண்டை ஓட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.

"கடல்ல ஏதுடி ஆடு?"

"அதனாலதான் மாமா. அங்க எதைப் பாத்தாலும் இதோட ஒப்பிட்டுப் பாக்கணும்ல?"

போர்வை வெளியே போயிற்று. மண்டை ஓட்டுக்கு மரத்தூள் மெத்தை போட்டுக் கொடுத்தேன். எனக்குக்கூட என் கட்டிலில் அப்படி மெத்தை கிடையாது.

இவ்வளவு அடிபட்டும் ஏன் போகிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தாள். "ஆட்டைப் பொளந்தா எல்லாரும் கறியைத்தான் பாக்கறாங்க மாமா. அது எப்படி நடந்துச்சு, எப்படி மூச்சு விட்டுச்சு, அதெல்லாம் உள்ளேயே இருக்கு. நான் அதைப் பாத்துக்கிட்டே வெட்டிப் போடறேன். வெட்டறதுக்கு முந்தி ஒரு நாளாவது நின்னு பாக்கணும்."

நான் ஆறாம் வகுப்புக்கு மேல் போகாதது பாடத்துக்குத்தான் நஷ்டம். ஆனாலும் இது எனக்குப் புரிந்தது.

மார்ச் 21, சனி

எழுதத் தோன்றவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை. வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

மத்தியானம். அக்கா ஆடு பிடிக்கச் சந்தைக்குப் போயிருந்தாள், வர சாயங்காலம் ஆகும். மாடியில் நானும் சில்லுவும் பெட்டியை மூடிக் கடைசி ஆணியையும் அறைந்தாயிற்று. கைவண்டி வரும், பின்பக்கமாகக் கயிறு கட்டி இறக்கி நேராகத் துறைமுகக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். திட்டம் என்னுடையது, ஆகவே ஓட்டையே கிடையாது.

ஆனால் பெட்டியை இன்னும் அடித்துப் பார்க்கவில்லை.

"வேண்டாம் மாமா, சத்தம் கேக்கும்."

"யாருக்குக் கேக்கும்? உங்கப்பாவுக்கா? அவர் கேட்டாலும் கேட்ட மாதிரி இருக்க மாட்டாரு."

"பாக்காட்டி என்ன ஆயிடும்?"

என்ன ஆகுமா? சுவர் இல்லாமல் வீடு கட்டினால் என்ன ஆகும் என்று கேட்கிற மாதிரி இருந்தது. நடுக்கடலில் ஒரு மூலை பிளந்து, இவள் பூதக்கண்ணாடியும் மண்டை ஓடும் தரையில் உருள, நாலு பேர் பார்த்து, 'எந்தக் கையாலாகாதவன் அடிச்ச பெட்டி இது' என்று கேட்க... விடுவேனா? மாடிப்படி உச்சிக்கு இழுத்துக்கொண்டு போய் உதைத்துத் தள்ளினேன்.

ஒவ்வொரு படியிலும் இடி விழுந்தது. கடைசிப் படியில் மூலை இடிக்க விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, சுவரில் மோதிக் காரையைப் பெயர்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது. ஒரு ஆணி அசையவில்லை. இதில் புளுகு இல்லை. என் ஆயுளில் நான் அடித்த பெட்டிகளிலேயே அதுதான் பெட்டி. "பாத்தியா!" என்று கத்தினேன்.

பெட்டிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றுகொண்டிருந்தாள். சந்தையில் ஆடு சரியில்லையாம். பாதியிலேயே திரும்பிவிட்டாள்.

கடைக்குள் போனாள். வெட்டுக்கத்தியோடு வந்தாள்.

நான் படியில் விழுந்தடித்து இறங்கிப் பெட்டியைக் கட்டிப்பிடித்தேன். சில்லுவுக்காகவா, பெட்டிக்காகவா? ரெண்டும்தான், வேறென்ன. "தள்ளுடா தடியா" என்றாள். தள்ளவில்லை. இடது கையால் ஒரு வெட்டு. மூடியின் ஓரம் பிளந்து என் முகத்தில் தெறித்தது. இன்னொரு வெட்டு; பலகை பாதி போயிற்று. மேலே சில்லு வீல் என்று கத்துகிறாள். அக்காவுக்கு அது போதவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, எலும்புக்கு ஓங்குகிற மாதிரி ஓங்கினாள்.

கத்தி நெஞ்சு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வலது தோள் அப்படியே செத்துவிட்டது. கத்தி நழுவி, பெட்டி மேல் இருந்த என் இடது கையில் விழுந்தது.

சுண்டுவிரல் நுனி நகத்தோடு போய்விட்டது.

என் விரலை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தோம். கையைத் தூக்குகிறாள். இடுப்பு வரை வருகிறது, நிற்கிறது. இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறாள். விட்டதும் விழுகிறது, கொக்கியிலிருந்து கழற்றின ஆட்டுக் கால் மாதிரி. திரும்பவும் தூக்குகிறாள். அய்யோ, விடேன், விட்டுத் தொலையேன் என்று மனசுக்குள் கதறிக்கொண்டிருந்தேன்.

அத்தான் வந்து கத்தியை எடுத்து ஓரமாக வைத்தார். என் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "தலைகூடத் தானா வாரிக்க முடியல மாப்ளே. போன மழைக்காலத்துலேர்ந்து. வெளிய சொன்னா என்னைப் பொளந்துடுவேன்னா."

அந்தத் தலைவாரலைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

சில்லு போகவில்லையாம்.

பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டாள். மண்டை ஓடு மறுபடி ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறது. இரும்புக் கோலால் முடியாததை ஒரு செத்த தோள் முடித்துவிட்டது.

"என்னடி இது?" என்றேன்.

"அடிச்சா எதுத்து நிக்கலாம் மாமா. இப்ப எதை எதுத்து நிக்கறது?"

பதில் தெரியாத கேள்வி என்று எனக்கு ஒன்று இருந்ததில்லை. தெரியாவிட்டாலும் சொல்லிவிடுவேன். இன்று சொல்லவில்லை.

மார்ச் 23, திங்கள்

காலையில் அக்கா ஜன்னலில் மண்டை ஓட்டைப் பார்த்தாள். "இது ஏன் இங்க இருக்கு?"

"நான் போகலம்மா."

"ஏன்?"

சில்லு அம்மாவின் வலது தோளைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். விட்டாள் அக்கா ஒரு அறை, இடது கையால். நான் வாங்கிய அடிகளையெல்லாம் சேர்த்தால்கூட அந்த ஒன்றுக்கு ஈடாகாது.

"தோளைப் பாத்துப் பேசாதடி. மூஞ்சியைப் பாத்துப் பேசு! எனக்கு இரக்கப்படற அளவுக்கு வளந்துட்டியா நீ? போ! போடின்னா போ!" இரும்புக் கோலை எடுத்துவிட்டாள். முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று, படி இறங்க இறங்க ஒன்று. "போறேன்னு சொல்லு!" "மாட்டேன்." அடி. "சொல்லு!" "மாட்டேன்." போகாதே என்று அடித்த அதே கோல், போ என்று அடிக்கிறது. எந்த ஊரிலாவது நடக்குமா இந்த அக்கிரமம்?

கடைக்குள் வந்ததும் சில்லு கோலைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்தது இதுதான் முதல் தடவை. இருவரும் முறுக்கினார்கள். பேசினில் இருந்த ரத்தத் தண்ணீர் கவிழ்ந்தது. வழுக்கி விழுந்து கட்டிப் புரண்டார்கள், தாயும் மகளும், ஆட்டு ரத்தத்தில். அக்கா தலையால் முட்டினாள். சில்லுவின் மூக்கிலிருந்து கொட்டியது. அதையும் துடைக்காமல் அம்மாவைத் தரையோடு அழுத்திக்கொண்டு கத்தினாள்: "எலும்பை யாரும்மா வெட்டுவா? நான் போயிட்டா யாரு வெட்டுவா, சொல்லு!"

அக்கா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"நான் வெட்டறேன்" என்று எவனோ சொன்னான்.

நான்தான். "எலும்பு என்ன எலும்பு, மரத்தைவிடவா? சுத்தி பிடிச்சே காய்ச்ச கை இது. காலையில நாலு ஆட்டை முடிச்சுட்டு மத்தியானம் பல்லு குத்திக்கிட்டு இருப்பேன். எனக்குப் பட்டறை வேண்டாம், பட்டறைக்குத்தான் நான் வேணும்." வாய் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பிடித்து நிறுத்தப் பார்த்தேன். முடியவில்லை. ஒருவேளை, நிறுத்தப் பார்க்கவில்லையோ?

அக்கா தரையில் மல்லாந்தபடியே என்னைப் பார்த்தாள். "நீயா? உன் விரலையே உனக்குக் காப்பாத்தத் தெரியல."

சில்லு மூக்கில் ரத்தத்தோடு சிரித்துவிட்டாள். அப்புறம் அழுதாள். அக்கா அவளைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நாளைக்கு இவ கப்பல்ல ஏறலேன்னா ரெண்டு பேரையும் ஒரே கட்டையில வச்சு வெட்டுவேன். இடது கையே போதும்."

பெட்டியின் வெட்டுக்கு மேல் குறுக்கே இரண்டு பலகை வைத்து அறைந்தேன். அதற்கு முன் அக்காவே உட்கார்ந்து அடுக்கினாள், ஒவ்வொன்றையும் குத்திக் குத்தி, கழுத்தை நெரிக்கிற மாதிரிச் சுருட்டி. கோட்டுக்குப் பதிலாகத் தன்னுடைய கம்பளிச் சட்டையைத் திணித்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

மார்ச் 24, செவ்வாய்

துறைமுகம். கூட்டத்தை அக்கா முழங்கையால் இடித்துப் பிளந்துகொண்டு போனாள். பெட்டியை அலட்சியமாக வீசிய கூலிக்காரனுக்குப் பிடரியில் ஒன்று விழுந்தது. அவனுக்கு வலியைவிட ஆச்சரியம் அதிகம்.

ஏணி அடியில் சில்லு நின்றுவிட்டாள். மூக்கு வீங்கி, கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்து, காலேஜுக்குப் போகிறவள் மாதிரியா இருந்தாள்? போருக்குப் போய் வந்தவள் மாதிரி இருந்தாள். "அம்மா" என்றாள். அக்கா இடது கையை ஓங்கினாள். "ஏறுடி!" ஓங்கிய கை கன்னத்தில் பட்டது. அப்படியே அங்கேயே இருந்தது. கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

கப்பல் நகரும்போது கடலே இரண்டாகப் பிளந்தது. எல்லாக் கப்பலுக்கும் பிளக்கும். ஆனால் இதற்குக் கொஞ்சம் அதிகமாகப் பிளந்தது.

மார்ச் 25, புதன்

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். "போய்யா, வெட்டிட்டு வா" என்றார், எதற்கோ அனுப்புகிற மாதிரி. மொட்டை காதில் கட்டோடு வாசல் வரை வந்தான்.

கடையில் மூன்று முறை வாந்தி. ஆடு பார்த்துக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 11, சனி

தொடை எலும்பு ஒரே வெட்டில் துண்டாயிற்று.

ஒரே வெட்டு இல்லை. நாலோ ஐந்தோ. ஒரு அம்மாள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கறி கேட்டேன், விறகு குடுத்திருக்கீங்க" என்றாள். கடையில் நல்ல கூட்டம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல் இல்லாத இடத்தில் விசில் வந்தது.

அக்கா எழுந்து வந்தாள். இடது கையில் ஈரல் தட்டு. "தடிமாடு, எத்தனை தரம்டா சொல்றது!" என்று என் பிடரியில் போட வலது கையை ஓங்கினாள். பழக்கதோஷம். கை இடுப்பு வரை வந்து நின்றது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் மெல்ல அடங்கியது. எல்லோர் கண்ணும் அந்தக் கையில். அக்கா முகம் எனக்குத் தெரியும். கட்டையில் தலை வைத்த ஆட்டுக்குக்கூட அந்த முகம் வந்து நான் பார்த்ததில்லை.

கீழே ஒரு எலும்புத் துண்டு கிடந்தது. கிடக்காவிட்டாலும் கிடந்தது. அதை எடுக்கிற சாக்கில் நன்றாகக் குனிந்து, என் பிடரியை அவள் கைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன்.

பட்டது. ஈ உட்கார்ந்த மாதிரி.

"அய்யோ அம்மா! செத்தேன்!" என்று அலறிக்கொண்டு கட்டையில் போய் மோதினேன். கூட்டம் மறுபடி சிரித்தது. "இன்னும் ரெண்டு வேணுமா?" என்றாள் அக்கா. அத்தான் தராசைத் துடைக்க ஆரம்பித்தார், அதில் ஒன்றும் இல்லை.

எழுதி வைக்கிறேன்: இன்று என் அக்கா வலது கையால் விட்ட அடியில் கண்ணில் பொறி பறந்தது. கட்டையிலிருந்து வாசல் வரை உருண்டு போனேன். கூரை அதிர்ந்து கொக்கியெல்லாம் ஆடின, தெருக்கோடி வரை கேட்டதாம். காது இன்னும் இரைந்துகொண்டே இருக்கிறது.